எஃப்.ஐ.ஆரில் ஏறாத செல்போன்

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு, முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு போட்டார். விபத்தில் நொறுங்கி வருகிற எலும்புகளைச் சேர்த்துவைப்பது அவருடைய அன்றாட வேலை. அவை நொறுங்காமல் இருக்க மத்திய, மாநில அரசுகள் என்ன செய்கின்றன என்று அந்த மனு கேட்டது.

ஒரு தீர்ப்போடு முடிந்துபோகிற வழக்காக அது இருக்கவில்லை. 2014ல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. செல்போன் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினால் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் முடக்குங்கள் என்று அந்தக் குழு 2015ல் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. இன்று ஷோரூமில் புது பைக் எடுக்கும்போது ஐந்து வருடத்துக்கான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்ந்தே வருகிறதே, அதுவும் இந்த வழக்கில் 2018ல் வந்த உத்தரவின் பலன்தான். விபத்து நடந்த முதல் மணி நேரத்தில் அடிபட்டவரிடம் காசு கேட்காமல் சிகிச்சை தரும் திட்டத்தை உடனே கொண்டு வாருங்கள் என்று 2025 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டதும் இதே வழக்கில்தான்.

ஒரு டாக்டரின் மனுவால் இவ்வளவு நடந்திருக்கிறது. ஆனாலும் அடிபட்டுக் கிடப்பவருக்குச் சேர வேண்டியது முழுதாகச் சேர்வதில்லை. சட்டம் போதவில்லை என்பதைவிட, முதல் சில நாட்களில் எழுதப்படும் நாலைந்து காகிதங்கள் சரியாக இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். அதிலும் போன் பேசிக்கொண்டே வந்து மோதியவரின் வழக்கு என்றால், அந்தப் போனைப் பற்றி மட்டும் எந்தக் காகிதத்திலும் ஒரு வரி இருக்காது.

கணக்கைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2021ல் இந்தியாவில் 4,12,432 விபத்துகள் நடந்தன. 1,53,972 பேர் இறந்தார்கள். செல்போன்தான் காரணம் என்று பதிவானவை 1,997 விபத்துகள், 1,040 மரணங்கள். மொத்த விபத்துகளில் நூற்றுக்கு அரை கூட வரவில்லை. நம் ஊர் சிக்னல் ஒன்றில் ஐந்து நிமிடம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் யாரும் இந்த எண்ணை நம்ப மாட்டார்கள். அடுத்த ஆண்டு, 2022ல், நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். இவற்றில் எத்தனை கைகளில் போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது என்பதற்குச் சரியான கணக்கு யாரிடமும் கிடையாது. சம்பவ இடத்தில் டயர் தேய்ந்த தடம் இருக்கும், நசுங்கிய பம்பர் இருக்கும். போன் மட்டும் பாக்கெட்டுக்குள் போயிருக்கும். போலீஸ் படிவத்தில் 'அதிவேகம், அஜாக்கிரதை' என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. வந்த மெசேஜ் யாருடையது என்று பார்க்க மூன்று வினாடி என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டர். ஜி.எஸ்.டி. சாலையோரம் ஏதாவது ஒரு பஸ் ஸ்டாப்பில் நின்று அந்த 50 மீட்டரைக் கண்ணால் அளந்து பாருங்கள். அதற்குள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும் இரண்டு பேர், தள்ளுவண்டியைத் திருப்பும் ஒருவர், பள்ளி முடிந்து சாலையைக் கடக்கும் பிள்ளைகள் எல்லோரும் இருப்பார்கள். அவர்களில் யாரையும் பார்க்காமல்தான் அந்த ஓட்டுநர் கடந்து போகிறார்.

புளூடூத் மாட்டிக்கொண்டால் ஆபத்து இல்லை என்பது பலரும் உண்மையாகவே நம்புகிற விஷயம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியல் பேராசிரியர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். வண்டி ஓட்டும் மாதிரிக் கருவியில் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தபோது, போனில் பேசியபடி ஓட்டியவர்கள் கண்ணுக்கு நேரே இருந்த பொருள்களைக்கூட மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. போனைக் கையில் பிடித்திருந்தாலும் காதில் மாட்டியிருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கை விடுபட்டாலும் மனசு பேச்சில்தான் இருக்கிறது. போன் பேசியபடி ஓட்டுபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நம் மோட்டார் வாகனச் சட்டமோ கையில் பிடித்த கருவியை மட்டும்தான் குற்றமாகக் குறிப்பிடுகிறது. இந்த இடத்தில் சட்டம் அறிவியலுக்குப் பின்னால் நிற்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

காதில் மாட்டியது என்ன செய்யும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் போதும். 2018 ஏப்ரல் 26 காலை, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்க முயன்ற பள்ளி வேன் மீது ரயில் மோதியது. 13 குழந்தைகள் இறந்தார்கள். கேட் அருகே இருந்தவர் நிறுத்தச் சொல்லிக் கத்தியும் ஓட்டுநருக்குக் கேட்கவில்லை, காதில் இயர்போன் இருந்தது என்று ரயில்வே தரப்பு அன்றே சொன்னது.

இங்கே இருசக்கர வண்டிக்காரர்கள் கண்டுபிடித்திருக்கும் முறை இன்னும் கொடுமையானது. ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் போனைச் செருகிக்கொள்வார்கள். ஹெல்மெட் இல்லாதவர்கள் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கமாக ஒடித்தபடியே பத்து கிலோமீட்டர் போவார்கள். அந்தக் கோணத்தில் ஒரு பக்கக் கண்ணாடியில் என்ன வருகிறது என்பதே தெரியாது. உணவு டெலிவரி, வாடகை டாக்ஸி ஓட்டுபவர்கள் நிலைமை வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆர்டர் திரையில் மின்னும். சில வினாடிக்குள் தொடாவிட்டால் கைநழுவிப் போய்விடும். அவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. வண்டி ஓடும்போது அந்தத் திரை ஒளிராதபடி செய்யும் பொறுப்பு செயலி நடத்தும் நிறுவனங்களுக்குத்தான் இருக்கிறது.

தண்டனை இல்லாமல் இல்லை. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184வது பிரிவு, கையில் போன் பிடித்து ஓட்டுவதை ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்திருக்கிறது. முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் அபராதம் 10,000 ரூபாய்; சிறை இரண்டு வருடம் வரை போகலாம். வழி பார்க்க மட்டும், ஓட்டுநரின் கவனம் கெடாத வகையில், போனை வைத்துக்கொள்ளலாம் என்று 2020 அக்டோபரில் விதி வந்தது. 2024 மே மாதம், கார் ஓட்டிக்கொண்டே போனில் பேசி அதையே வீடியோவாகப் போட்ட யூடியூபர் ஒருவரை மதுரை போலீஸ் கைது செய்ததை எல்லோரும் பார்த்தோம். அவர் தானே வீடியோ போட்டதால் போன் ஆதாரமானது. மற்ற வழக்குகளில் அதை யாராவது தேடிப் பிடித்தாக வேண்டும்.

தேடினால் கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு உலகப் பிரசித்தம். 2006 செப்டம்பர் 22, யூட்டா மாநிலம், மழை பெய்த காலை. 19 வயதுப் பையன் ஓட்டிய வண்டி நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வந்த காரில் இடித்தது. அதனால் தடுமாறிய கார் இன்னொரு வண்டியில் மோதி, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு விஞ்ஞானிகள் அங்கேயே இறந்தார்கள். தண்ணீரில் டயர் வழுக்கிவிட்டது என்றான் பையன். அவனைத் தன் வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துப்போன காவலர், அந்த நேரத்திலும் அவன் போனில் எதையோ தட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். அந்தச் சந்தேகம் அவரை விடவில்லை. மாதக்கணக்கில் போராடி போன் நிறுவனத்தின் பதிவுகளை வாங்கிப் பார்த்தபோது, விபத்துக்கு முந்தைய அரை மணி நேரத்தில் 11 குறுஞ்செய்திகள் போய் வந்திருந்தன. கடைசியில் பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். வண்டி ஓட்டும்போது மெசேஜ் அனுப்புவதற்கு எதிராக யூட்டா 2009ல் கடுமையான சட்டம் போட்டதற்கு இந்த வழக்கு முக்கியக் காரணம்.

நம் நாட்டிலும் அந்தப் பதிவுகள் இருக்கின்றன. அழைப்பு விவரங்களைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரிலிருந்து தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு விதி. விசாரிக்கும் போலீஸ் கேட்டு வாங்கலாம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் சிவில் நீதிமன்றம்போல ஆவணங்களையும் சாட்சிகளையும் வரவழைக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் மோதியவர் போன் பேசினார் என்று யாராவது முதலில் சொல்லியிருந்தால்தானே கேட்பார்கள்? புகாரிலேயே அது இருக்க வேண்டும். 'இன்ன நேரத்தில், இந்த நம்பர் வண்டியை ஓட்டியவர், வலது கையில் போன் வைத்துப் பேசியபடி வந்து மோதினார். பார்த்தவர் இன்னார்' என்று ஒரே வரி போதும். எதிரே இருக்கும் டீக்கடை, பெட்ரோல் பங்க், நகைக்கடை கேமராப் பதிவுகள் பல இடங்களில் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அதனால் முதல் வாரத்திலேயே கடைக்காரரிடம் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அவர் தயங்கினால், அந்தக் கேமராவைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொரு காகிதம் இருக்கிறது. வழக்கை ஆக்குவதும் கெடுப்பதும் அதுதான். அரசு மருத்துவமனையில் அடிபட்டவரைக் கொண்டுபோய் இறக்கியதும் டியூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். விபத்துப் பதிவேடு, வழக்குமன்ற வட்டாரத்தில் 'ஏ.ஆர். காப்பி'. எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்கும்போது பதற்றத்தில் உடன் வந்தவர், "பைக்ல இருந்து விழுந்துட்டாரு சார்" என்று சொல்லிவிடுவார். போலீஸ் கேஸ் என்றால் சிகிச்சை தாமதமாகும் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். டாக்டர் 'தானாக விழுந்தது' என்று எழுதிவிடுவார். இரண்டு வருடம் கழித்துத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். எனவே எந்த வண்டி, எப்படி மோதியது, நம்பர் தெரிந்தால் நம்பர் என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். என்ன எழுதினார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போலீஸ் கேஸ் என்பதால் சிகிச்சையைத் தள்ளிப்போட எந்த மருத்துவமனைக்கும் உரிமை கிடையாது.

செலவுக்கு என்ன செய்வது என்ற பயத்துக்கும் இப்போது விடை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது. மத்திய அரசின் பணமில்லா சிகிச்சைத் திட்டம் 2025 மே 5 முதல் நடைமுறையில் இருக்கிறது: விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது, பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, மருத்துவமனை அவரிடம் பணம் கேட்கக் கூடாது என்று 2016லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; 2019 திருத்தத்தில் அது சட்டமாகவே ஆனது. 108க்கு போன் செய்ய யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இனி வழக்கு. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "டிரைவர் கோர்ட்டில் ஃபைன் கட்டிட்டான், கேஸ் முடிஞ்சுபோச்சு" என்று ஊரில் சொல்வார்கள். முடிந்தது குற்றவியல் வழக்கு. அது அரசுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் நடப்பது. அடிபட்டவருக்குப் பணம் வாங்கித் தருவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அது தனி வழக்கு, எம்.சி.ஓ.பி. என்று நம்பர் போடுவார்கள். சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றம், மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றங்களும் சார்பு நீதிமன்றங்களும் இந்தத் தீர்ப்பாயமாக இயங்குகின்றன. விபத்து நடந்த ஊர், அடிபட்டவர் வசிக்கும் ஊர், எதிர்தரப்பு இருக்கும் ஊர் மூன்றில் எங்கு வேண்டுமானாலும் மனு போடலாம். கிருஷ்ணகிரி பக்கம் அடிபட்ட தூத்துக்குடிக்காரர் வாய்தாவுக்கு வாய்தா கிருஷ்ணகிரிக்கு ஓட வேண்டியதில்லை. குற்றவியல் நீதிமன்றத்தில்போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் கட்டாயமும் இங்கே கிடையாது. யார் பக்கம் உண்மை கூடுதலாகத் தெரிகிறது என்று பார்ப்பார்கள். அந்த ஓட்டுநர் குற்றவியல் வழக்கில் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு அதனால் தானாக விழுந்துவிடாது.

தொகையை எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பலரும் அதிர்ஷ்டம் என்று நினைக்கிறார்கள். அது வெறும் பெருக்கல். கர்நாடகத்தில் 2008ல் விபத்தில் காலை இழந்த 24 வயது காய்கறி வியாபாரியின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2014ல் முடிந்தது. அவரிடம் சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரிக் கணக்கு இல்லை. காய்கறி விற்கிறவர் மாதம் 6,500 ரூபாய் சம்பாதிப்பார் என்று ஏற்பதற்கு ரசீது தேவையில்லை என்றது நீதிமன்றம். எதிர்கால உயர்வுக்காக அதில் பாதியைக் கூட்டி 9,750. ஆண்டுக்கு 1,17,000. வயது 24 என்பதால் 18 மடங்கு. இந்த மடங்குப் பட்டியல் 2009ல் ஒரு டெல்லி போக்குவரத்துக் கழக வழக்கில் உறுதியானது, 26 முதல் 30 வயது வரை 17, வயது ஏற ஏறக் குறைந்து 65க்கு மேல் 5. காய்கறிக்காரர் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்கலாமே, கால் எதற்கு என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. மொத்தச் சந்தைக்கோ விவசாயியிடமோ போய்ச் சரக்கு எடுத்து வருவது யார் என்று பார்த்து, வருமான இழப்பு 85 சதவீதம் என்றார்கள். பெருக்கினால் 17,90,100 ரூபாய். மருத்துவச் செலவு, வேதனைக்கான தொகை எல்லாம் இதற்கு மேல். நடைபாதைக் கடைக்காரர், தறி ஓட்டுபவர், கொத்தனார் என்று ரசீது இல்லாமல் உழைக்கும் யாருக்கும் இந்தத் தீர்ப்பு பெரிய பலம். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இது அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. சுயதொழில் செய்பவருக்கு 40 வயதுக்குள் 40 சதவீதம், நிரந்தர வேலையில் இருப்பவருக்கு 50 சதவீதம் கூட்ட வேண்டும் என்று எதிர்கால உயர்வுக் கணக்கை 2017ல் அரசியல் சாசன அமர்வு ஒழுங்குபடுத்தியது.

ஊனச் சான்றிதழில் இருக்கும் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல. இடது கை போனால் மருத்துவர் 60 சதவீதம் என்று எழுதலாம். தச்சருக்கும் டிரைவருக்கும் அது தொழிலே போனதுபோல, கிட்டத்தட்ட 100. அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை அப்படியே இருக்கும். உச்ச நீதிமன்றம் 2010ல் சொன்ன உதாரணம் இது. சிகிச்சை தந்த டாக்டரே வந்து சாட்சி சொல்வதுதான் நல்லது என்றும், எங்கோ வாங்கி வரும் ரெடிமேட் சான்றிதழ்களைக் கவனமாகப் பாருங்கள் என்றும் அதே தீர்ப்பு தீர்ப்பாயங்களை எச்சரித்தது. வீட்டை நடத்தும் பெண்ணுக்குச் சம்பளம் இல்லை என்பதால் இழப்பும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர் உழைப்புக்கும் மதிப்புப் போட்டே ஆக வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி அழுத்திச் சொல்லியிருக்கிறது.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு இன்னொன்று உண்டு. 2007ல் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு விபத்தில் தலையில் அடிபட்டது. அதன் பிறகு அவளுடைய மனவளர்ச்சி ஒன்பது மாதக் குழந்தை அளவில் நின்றுபோனது. வாழ்நாள் முழுக்கப் படுக்கை. தீர்ப்பாயம் சுமார் 11 லட்சம் தந்தது. உயர் நீதிமன்றம் அதைச் சுமார் 25.78 லட்சமாக்கியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 62.27 லட்சம் ரூபாய் என்று தீர்ப்பளித்தது. அவளைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆட்கள் வேண்டும், ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய், அதற்கும் 18 மடங்கு என்று 21.6 லட்சத்தைப் பராமரிப்புக்கு மட்டும் ஒதுக்கியது. தாய் பார்த்துக்கொள்வாள்தானே என்று அந்த உழைப்பை விலையில்லாததாக நீதிமன்றம் விட்டுவிடவில்லை. முதல் தீர்ப்போடு சோர்ந்துபோகிற குடும்பங்கள், கேட்கத் தவறிய தலைப்பு ஏதாவது இருக்கிறதா என்று மேல்முறையீட்டுக்கு முன் வக்கீலோடு உட்கார்ந்து பார்ப்பது அவசியம். உடனிருந்து பார்த்தவரின் கூலி, ஆட்டோ செலவு, சத்தான உணவுக்கான செலவு, இனி செய்ய வேண்டிய அறுவை சிகிச்சை எல்லாமே கேட்கக்கூடியவை. பார்மசி பில் முதல் நலவாரிய அட்டை, ஜிபே வரவு வரை ஒரு பையில் சேர்த்து வைப்பது இதற்காகத்தான்.

தொகை குறையும் இடமும் ஒன்று இருக்கிறது. அடிபட்டவர் பக்கம் தவறு இருந்தால் அந்தப் பங்கைக் கழிப்பார்கள். 20 சதவீதம் உங்கள் தவறு என்றால் 10 லட்சம் 8 லட்சமாகும். தலையில் அடிபட்ட வழக்குகளில் ஹெல்மெட் இல்லாததற்குக் கழிப்பது சகஜம். அடிபட்டவர் தாமே போனில் பேசிக்கொண்டு போயிருந்தால் எதிர்தரப்பு வக்கீல் அதை விடுவாரா? மறுபக்கம், மோதியவரின் போன் பதிவாகியிருந்தால் உங்கள் தலையில் பழியைப் பங்குபோடும் வாதம் பலவீனமாகும். எஃப்.ஐ.ஆரில் அந்த ஒரு வரிக்கு இவ்வளவு மதிப்பு வருவது இதனால்தான். பின்னால் உட்கார்ந்து வந்தவர், பஸ் பயணி போன்ற மூன்றாம் ஆட்களுக்கு இந்தக் கழிவு பொதுவாகக் கிடையாது; மோதிக்கொண்ட இரண்டு வண்டிகளில் ஒன்றிடமே முழுத் தொகையையும் கேட்கலாம்.

பணம் தருவது பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி. புது பைக்கின் ஐந்து வருடம் முடிந்த பிறகு புதுப்பிக்காமல் ஓட்டுகிறவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட வண்டி மோதினால் தீர்ப்புத் தொகை முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். அவரிடம் சொத்து இல்லை என்றால் அடிபட்டவர் கையில் இருப்பது வெறும் காகிதம். அரசுப் பேருந்து மோதினால் போக்குவரத்துக் கழகமே கட்ட வேண்டும். கட்டாமல் இழுத்தடித்ததால் நீதிமன்ற அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து, பயணிகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை ஜப்தி செய்து ஓட்டிப்போகும் செய்திகள் தமிழ்நாட்டு நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கின்றன. மோதிவிட்டு ஓடிப்போன வண்டி எது என்றே தெரியவில்லையா? அப்போதும் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயம்பட்டவருக்கு 50,000 ரூபாய் உண்டு. ஒரு மாதத்தில் வண்டி பிடிபடாவிட்டால் இப்படி ஒரு உதவி இருப்பதைப் போலீஸ் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் அதே ராஜசேகரன் வழக்கில் உத்தரவு வந்தது. யாருடைய தவறு என்று நிரூபிக்காமலே பலத்த காயத்துக்கு 2.5 லட்சம், மரணத்துக்கு 5 லட்சம் பெற வழி செய்யும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164வது பிரிவும் இருக்கிறது. ஆனால் அவசரத்தில் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாய வழக்கு அதோடு போய்விடும். ஒரு காலை இழந்தவர் 2.5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் மேலே சொன்ன காய்கறிக்காரரின் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

கையெழுத்து வாங்க வருபவர்கள் சீக்கிரமே வருவார்கள். பெரிய மருத்துவமனைகளின் எமர்ஜென்சி வாசலில் நிற்கும் புரோக்கர்களுக்கு ஆம்புலன்ஸ் வந்ததும் தகவல் போய்விடுகிறது. "எல்லாம் நாங்க பாத்துக்கறோம், வர்றதுல இத்தனை பர்சன்ட்" என்று வெற்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கிப் போவார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, ரசீது கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. நேர்மையாக நடத்தும் வக்கீல்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் படுக்கைக்கு அருகில் வந்து நிற்க மாட்டார்கள். வெற்றுத் தாளிலும் வெற்று வங்கிப் படிவத்திலும் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி உள்ளவர்கள். விபத்திலேயே நிரந்தர ஊனமானவரும் இந்தப் பட்டியலில் வந்துவிடுகிறார் என்பது பலருக்கும் தெரிவதில்லை. வழக்கு நீண்டால் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். ஆனால் அங்கே சமரசமானால் மேல்முறையீடு கிடையாது. அதனால் தொகை நியாயமா என்று தெரிந்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும்.

2022 ஏப்ரல் 1 முதல் போலீசுக்கும் கெடு இருக்கிறது. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவத்தையும் அவர் கையில் தர வேண்டும். தரவில்லை என்றால் காவல் நிலையத்தில் கேளுங்கள். மறுத்தால் ஆணைக்குழுவில் சொல்லுங்கள்.

அதே 2022 ஏப்ரல் 1 முதல் உங்களுக்கும் ஒரு கெடு இருக்கிறது. அதற்கு முன்னால் 27 வருடத்துக்கும் மேலாக, இழப்பீட்டு மனுவுக்குக் கால வரம்பே இல்லை. இப்போது விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். இந்த வரம்பு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யாதீர்கள் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்திருக்கிறது. ஆனால் இடைக்கால உத்தரவை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம். எலும்பு கூடட்டும், ஆள் எழுந்து நடக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் வீடு உங்கள் தெருவில் இருந்தால், இன்றே போய் விபத்து நடந்த தேதியைக் கேளுங்கள். ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது, எஃப்.ஐ.ஆரில் போன் இருக்கிறதா என்று படித்துச் சொல்லுங்கள். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண் 15100.